ஒலி ஒன்று, ஒலி இரண்டு

நூற்றுப் பன்னிரண்டாவது வரிசையில் கை நின்றுவிட்டது. அதுவரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பழைய அட்டவணையில் ஒரு கண், புதிய அட்டவணையில் ஒரு கண், கேமரா ஒன்று, கேமரா இரண்டு, டெல்லி லைன், மதுரை லைன், மழை ரேடார் என்று எல்லாப் பெயரையும் எட்டு எழுத்துக்குள் வெட்டி வெட்டி அடித்துக்கொண்டு வந்தேன், ஏனென்றால் இந்த ரவுட்டருக்கு எட்டு ஆங்கில எழுத்துக்கு மேல் எந்தப் பெயரும் பிடிக்காது. வீட்டில் இன்டர்நெட்டுக்கு வைக்கிற ரவுட்டர் இல்லை இது. ஆள் உயரத்துக்கு இரண்டு அலமாரிகள். டிவி நிலையத்துக்குள் வருகிற ஒவ்வொரு படமும் ஒவ்வொரு சத்தமும் இதற்குள் நுழைந்து, போக வேண்டிய இடத்துக்குப் போகும். எது எங்கே போக வேண்டும் என்று எழுதி வைப்பது என் வேலை. பழைய அலமாரி இன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஓய்கிறது, புதியது அதே மூன்று மணிக்குத் தொடங்குகிறது. இப்போது மணி ஒன்று நாற்பது. அறை எப்போதும்போல் குளிர்கிறது, நூறு சின்ன மின்விசிறிகள் சுற்றுகிற இரைச்சல் எனக்கு வலது பக்கத்திலிருந்து மட்டும் வருகிறது, ஆனால் விசிறிகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன, அது எனக்குத் தெரியும், எண்ணியிருக்கிறேன். இங்கே புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதல் நாள் ஒரே தப்பைச் செய்வார்கள், லெவல் என்றால் சத்தம் எவ்வளவு பெரிசு என்று நினைப்பார்கள். நானும் நினைத்தேன், இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால். இந்த அட்டவணையில் லெவல் என்றால் அடுக்கு. டிபன் கேரியரை நினைத்துக்கொண்டால் போதும். மேலடுக்கில் படம், அதன் கீழே ஒலி ஒன்று, அதன் கீழே ஒலி இரண்டு. கைப்பிடியைத் தூக்கினால் மூன்று அடுக்கும் சேர்ந்து வரும், ஸ்டூடியோவின் படம் வந்தால் ஸ்டூடியோவின் சத்தமும் கூடவே வரும். ஆனால் ஒருவர் கேரியரிலிருந்து ஓர் அடுக்கைக் கழற்றி இன்னொருவர் கேரியரில் மாட்டினாலும் கைப்பிடி ஒன்றும் சொல்லாது, பூட்டிக்கொள்ளும், தூக்கிக்கொண்டு போகலாம். திறந்து பார்க்கிறவருக்குத்தான் தெரியும். திறந்து பார்க்க ஒருவர் வேண்டும்.

நூற்றுப் பன்னிரண்டு, ஸ்டூடியோ இரண்டு. படம், சரி. ஒலி ஒன்று, நாற்பத்தாறு. ஒலி இரண்டு, நாற்பத்தைந்து. எல்லா வரிசையிலும் ஒற்றைப்படை எண் முன்னால் வரும், இரட்டைப்படை பின்னால் வரும், இதில் மட்டும் திரும்பியிருக்கிறது, மாற்றிப் போட்ட செருப்பைப்போல. ஒருவேளை பின்னால் கேபிளையே மாற்றிச் செருகியிருப்பார்கள், அதற்காக அட்டவணையிலும் மாற்றியிருப்பார்கள், இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரியாகியிருக்கும், அப்படி நடப்பதுண்டு. எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு அலமாரியின் பின்பக்கம் போனேன். நாற்பத்தைந்தில் மஞ்சள் சீட்டு கட்டிய கேபிள், சீட்டில் "குரல்" என்று எழுதியிருக்கிறது, என் கையெழுத்து, லகரத்தின் வாலை நான்தான் இப்படி இழுப்பேன். நாற்பத்தாறில் "அறை ஒலி". கேபிள்கள் சரியாகத்தான் இருக்கின்றன. அப்படியானால் அட்டவணைதான் தப்பு. வானில் போவது, அதாவது வீடுகளுக்கு ஒளிபரப்பாவது, ஒலி ஒன்று. ஒலி இரண்டு என்பது குரல் இல்லாத வெறும் அறைச் சத்தம், காகிதம் புரளுவது, ஏ.சி. மூச்சு விடுவது, பிற்காலத்தில் யாராவது வேறு மொழியில் பேசி ஒட்ட நினைத்தால் பயன்படட்டும் என்று ஓரமாகச் சேமித்து வைப்பது. அது வானில் போய்க்கொண்டிருக்கிறது, குரல் ஓரமாகச் சேமிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. எப்போதிலிருந்து. மாற்றங்களின் பட்டியலைத் திறந்தேன். மார்ச் பதினொன்று, பதினான்கு மணி இருபத்திரண்டு நிமிடம், வரிசை நூற்றுப் பன்னிரண்டு, மாற்றியவர், அமலோர்ப. அமலோற்பவம் என்கிற பெயரை எட்டு ஆங்கில எழுத்தில் வெட்டினால் அவ்வளவுதான் மிஞ்சும். அமலோர்ப என்று ஒருத்தி உலகத்தில் எங்குமே கிடையாது, இந்தப் பட்டியலில் மட்டும் இருக்கிறாள், இருபத்தெட்டு வருஷமாகத் தப்பில்லாமல் வேலை செய்துகொண்டு, மார்ச் பதினொன்று வரைக்கும்.

மார்ச் பதினொன்று. நினைவு வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், வருகிறது. ஸ்டூடியோ இரண்டுக்குப் புதுக் கேபிள் இழுத்த நாள். நான் இதே நாற்காலியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹெட்போனில் இடது காதுக்கு ஒலி ஒன்று, வலது காதுக்கு ஒலி இரண்டு, அதுதான் வழக்கம். பிப்ரவரியில் ஒரு காலை எழுந்தபோது என் இடது காதில் யாரோ ஈர மணலை அப்பி வைத்ததுபோல் இருந்தது. சளி என்று நினைத்தேன். ஆவி பிடித்தேன். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன், பிறகு இன்னொரு வாரம், மனம் அப்படித்தான் தவணை கொடுத்துக்கொண்டே போகும். அதற்குள் வேலையைச் சமாளிக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன், யாருக்கும் சொல்லாத வழி. முதலில் ஹெட்போனை நேராக மாட்டுவேன், வலது காதில் ஒலி இரண்டு கேட்கும். பிறகு கழற்றித் திருப்பி மாட்டுவேன், அதே வலது காதில் ஒலி ஒன்று கேட்கும். ஒரு காதை வைத்துக்கொண்டு இரண்டு காது வேலை. அன்று நேராக மாட்டியிருந்தேனா, திருப்பி மாட்டியிருந்தேனா. தோளில் யாரோ தொட்டார்கள், தூக்கிவாரிப் போட்டது, ஏ.சி. மெக்கானிக், கதவை நாலு தரம் தட்டினேன் மேடம் என்றார், ஒரு காகிதத்தில் கையெழுத்து கேட்டார். ஹெட்போனைக் கழற்றினேன், போட்டுக் கொடுத்தேன், மறுபடி மாட்டினேன். இடது வலது என்று பொறித்த எழுத்து எப்போதோ தேய்ந்துபோன ஹெட்போன். திருப்பித்தான் மாட்டியிருக்கிறேன், நேராக மாட்டியதாக நினைத்துக்கொண்டு. வலது காதில் குரல் கேட்டது. அறை ஒலி கேட்க வேண்டிய இடத்தில் குரல் கேட்கிறதே, கேபிள் போட்டவர்கள் மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று அட்டவணையில் இரண்டு எண்களையும் இடம் மாற்றினேன். மறுபடி கேட்டேன். இப்போது வலது காதில் ஏ.சி. மூச்சு. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். சரிபார்த்துத்தான் தப்புச் செய்திருக்கிறேன். சரிபார்க்காமல் இருந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும்.

ஒரு டிவி சேனலில் எண்பத்து நான்கு நாள் குரல் வராமல் ஒரு நிகழ்ச்சி போக முடியுமா என்று யாராவது கேட்டால் முடியாது என்றுதான் சொல்வேன். பத்து வினாடி குரல் போனாலே, வானில் போவதைக் கண்காணிக்கிற அறையான மாஸ்டர் கண்ட்ரோலில் எல்லாப் போனும் அடிக்கும். ஆனால் ஸ்டூடியோ இரண்டில் இப்போது ஒரே ஒரு நிகழ்ச்சிதான் நடக்கிறது, தினமும் மூன்று மணிக்குக் கால் மணி நேரம், சைகை மொழிச் செய்தி. திரையில் மாலதி நின்றுகொண்டு கைகளால் செய்தி சொல்வாள். பக்கத்துச் சின்னக் கூண்டில், திரையில் தெரியாமல், கமலவேணி அக்கா அதே செய்தியைக் குரலில் படிப்பார்கள். தொடக்க இசையும் முடிவு இசையும் வேறு இயந்திரத்திலிருந்து வருகின்றன, அவை சத்தமாக வரும், மீட்டரில் பச்சைக் கோடுகள் துள்ளும். நடுவில் ஏ.சி. மூச்சு. முழு நிசப்தமாக இருந்தால் அலாரம் அடிக்கும், ஏ.சி. மூச்சு முழு நிசப்தம் இல்லையே. மூன்று மணி மாஸ்டர் கண்ட்ரோலில் டீ நேரம், அந்தக் கால் மணி நேரம் ஸ்பீக்கரைக் குறைத்து வைத்துவிடுவார்கள், காது கேட்காதவர்கள் பார்க்கிற செய்திக்குச் சத்தம் எதற்கு என்று. நான்கூட ஒருநாளும் போட்டுக் கேட்டதில்லை. கமலவேணி அக்கா தினமும் முடித்துவிட்டு, பனங்கற்கண்டு போட்ட வெந்நீர் பாட்டிலோடு இந்த வழியாகப் போவார்கள், கண்ணாடிக் கதவில் தலையை நீட்டி, "இன்னைக்குக் குரல் எப்படி இருந்தது அமலா" என்பார்கள். ஒரு காலத்தில் இரவு எட்டு மணிச் செய்தி படித்த குரல், தெருவில் நடந்துபோனால் வீட்டுக்கு வீடு கேட்கும். நான், "நல்லா இருந்தது அக்கா" என்பேன். எண்பத்து நான்கு தடவை. கால் மணி நேரம் வீதம் கணக்குப் போட்டால் இருபத்தொரு மணி நேரம் அந்த அம்மா ஒரு சுவரைப் பார்த்துப் படித்திருக்கிறார்கள், நான் நல்லா இருந்தது என்றிருக்கிறேன்.

ஆனால் ஒருவருமே சொல்லவில்லையா. அங்கேதான் மனம் போய்ச் சிக்கிக்கொள்கிறது. கேன்டீனில் ஒருநாள், ஏப்ரலாக இருக்கும், மாங்காய் சாதம் போட்ட நாள், நேயர் தொடர்பு பிரிவு பர்வீன் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் எப்போதும் சுவரோரமாக இடம் பிடித்து இடது காதைச் சுவருக்குக் கொடுத்துவிடுவேன், அன்று இடம் கிடைக்கவில்லை. அவள் ஏதோ சொன்னாள். எனக்கு "சைகை" என்பது கேட்டது, "போன் பண்ணி" என்பது கேட்டது. எதிரே இருந்த மாஸ்டர் கண்ட்ரோல் செழியன் ஏதோ பதில் சொன்னான், அதில் "மிஷின்" என்பது கேட்டது. மேஜை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். காது போனால் முதலில் கற்றுக்கொள்கிற வித்தை அதுதான், மற்றவர்கள் வாயைத் திறக்கிற நேரத்தில் நாமும் திறப்பது, அரை வினாடி பிந்தினால் போதும், தெரிந்துவிடும், நான் பிந்துவதில்லை. அவ்வளவு சிரித்தேன், கண்ணில் நீர் வருகிற அளவுக்கு. இப்போது அந்த மூன்று சொற்களும் திரும்பி வந்து இந்த அட்டவணையின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. இன்டர்காமை எடுத்து வலது காதில் வைத்துப் பர்வீனைக் கூப்பிட்டேன். "பர்வீன், சைகைச் செய்தியைப் பத்தி யாரோ போன் பண்ணினாங்கன்னு சொன்னியே ஒருநாள்." "ஐயோ மேடம், ஆம்பூர் அங்கிளா. சைகைச் செய்தியில சத்தம் வரலைன்னாரு. அன்னைக்கே சொன்னேனே, நீங்கதானே எல்லாரையும்விட அதிகமா சிரிச்சீங்க." "ரிஜிஸ்டர்ல என்ன எழுதியிருக்கேன்னு பார்த்துச் சொல்லும்மா." பக்கம் புரட்டுகிற சத்தம். "மார்ச் பத்தொம்போது, ஏப்ரல் ரெண்டு, ஏப்ரல் இருபத்தொண்ணு. மூணு வாட்டி. பேரு தணிகைவேல். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கேன், படிக்கட்டுமா. மனைவிக்குக் காது கேட்காது, எனக்குக் கேட்கும். மதியம் நான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ரெண்டு பேரும் சாப்பிட்டுக்கிட்டே பார்ப்போம். அவ பார்ப்பா, நான் கேட்பேன். ஒரே விஷயம் ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கும் தெரியறது இது ஒண்ணுலதான். இப்போ சத்தம் வரலை. அவ்வளவுதான் மேடம்." "நீ யார்கிட்டயாவது சொன்னியா." "செழியன் சார்கிட்ட சொன்னேன். டிவிக்குக் காது மிஷின் மாட்டச் சொல்லுன்னாரு. அதுக்குத்தானே சிரிச்சோம்." ரிஜிஸ்டரை மூடுகிற சத்தம். பிறகு, "ஏன் மேடம், நிஜமாவே வரலையா" என்றாள். "நம்பரைச் சொல்லும்மா" என்றேன்.

நம்பரைக் கையிலிருந்த பழைய சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். மணி இரண்டு பத்து. மூன்று தடவை கூப்பிட்டவர் நான்காம் தடவை கூப்பிடவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது. ஏப்ரல் இருபத்தொன்றுக்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று மணிக்கு என்ன நடந்திருக்கும். அவர் சத்தத்தை அணைத்துவிட்டிருப்பார். அல்லது சேனலை மாற்றிவிட்டு, அவள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டிருப்பாள். அல்லது அவள் திரையைப் பார்க்க, அவர் அவள் முகத்தைப் பார்த்து என்ன செய்தியாக இருக்கும் என்று ஊகித்துக்கொண்டிருப்பார். ஊகிப்பது எனக்குத் தெரியும். வளசரவாக்கத்தில் என் வீட்டில் வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தால் உலகம் மொத்தமும் நின்றுவிடும், மேல்வீட்டு நாற்காலி, தெரு நாய், எல்லாம். முதல் மாதம் அது பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். இரண்டாம் மாதம் குக்கர் எத்தனை விசில் வந்தது என்று தெரியாமல் அடுப்படியிலேயே நின்றேன். விழுப்புரத்திலிருந்து தங்கை ஆரோக்கியம் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், "நீ முன்ன மாதிரி பேசறதே இல்லடி, என் மேல கோவமா" என்பாள், அவளிடம்கூட, கோபமில்லை என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும்விட ஒன்று உண்டு, யாரும் சொல்லித்தராதது. ஒரு காதில் எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. பஸ் ஸ்டாப்பில் யாரோ அமலா என்று கூப்பிட்டார்கள், எல்லாப் பக்கமும் திரும்பினேன், யாரும் என்னைப் பார்க்கவில்லை, பஸ் வந்தது, ஏறிவிட்டேன். யார் கூப்பிட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஒரு நகரத்துக்கே எந்தச் சத்தம் எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று எழுதித் தருகிறவளுக்குத் தன் பெயர் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

சனிக்கிழமைதான் டாக்டரிடம் போனேன். கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்தார்கள், கமலவேணி அக்காவின் கூண்டைப் போலவே, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது காதின் முறை வந்தபோது எந்தச் சத்தமும் கேட்காமல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை, கண்ணாடிக்கு வெளியே அந்தப் பெண் எதையோ திருகுவதும் என்னைப் பார்ப்பதும் மறுபடி திருகுவதுமாக இருந்தாள், அவளைச் சும்மா காக்க வைக்கிறோமே என்று ஒரு தடவை பொய்யாக அழுத்திவிட்டேன். பிறகு ஒரு வரைபடம் கொடுத்தார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டங்கள், மேலே, ஒரே நேராக. இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறிகள், காகிதத்தின் அடியில். "இந்தப் பக்கம் லெவல் ரொம்பக் கீழ போயிருக்கும்மா. முதல் வாரமே வந்திருந்தீங்கன்னா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்றார் டாக்டர், கோபமில்லாமல். அவர் சொன்ன லெவல் வேறு, என் லெவல் வேறு என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது, அடுக்கு கழன்றுவிட்டது டாக்டர், மாட்டிவிட முடியுமா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. வரைபடம் கைப்பையில் இருக்கிறது, நான்காக மடித்து. இந்த அட்டவணையிலும் எது எதோடு இணைந்திருக்கிறதோ அங்கே ஒரு பெருக்கல் குறிதான் போடுவோம். இங்கே பெருக்கல் குறி இருந்தால் வருகிறது என்று அர்த்தம்.

இரண்டு முப்பது. மனம் சிக்கின இடத்திலேயே சுற்றுகிறது, நான் பேசாமல் இருந்துவிடலாம். மூன்று வழி இருக்கிறது. பழையதை அப்படியே பார்த்து எழுதலாம், நாற்பத்தாறு, நாற்பத்தைந்து, யாரும் கேட்கப்போவதில்லை. அதை என்னால் செய்ய முடியாது, அது எனக்குத் தெரியும், பரவாயில்லை, ஒரு வழி கழிந்தது. சத்தமில்லாமல் திருத்திவிடலாம். மூன்று மணிக்குப் பழைய அலமாரியை அணைத்ததும் அதன் மாற்றப் பட்டியலும் போய்விடும், மார்ச் பதினொன்று போய்விடும், புதிய பட்டியல் வெள்ளையாகத் தொடங்கும். பர்வீன் கேட்டால் சின்னக் கோளாறு, சரியாகிவிட்டது என்று சொல்லலாம். அமலோர்ப மறுபடி தப்பில்லாதவள் ஆகிவிடுவாள். மூன்றாவது வழி, சொல்வது. சொன்னால் எப்படி நடந்தது என்பார்கள். எப்படி என்றால் ஹெட்போன். ஏன் திருப்பி மாட்டினாய் என்றால் காது. காது என்றால் ரங்கமன்னார் சாருக்கு நடந்ததுதான் எனக்கும். அவருக்குப் போனது காது இல்லை, கண், ஒரு கண்ணில் திரை விழுந்தது, வர்ணம் பார்க்கிற வேலையிலிருந்து எடுத்து மூன்றாம் மாடி ஸ்டோருக்கு அனுப்பினார்கள், மரியாதையாகத்தான், மாலைகூடப் போட்டோம். முதல் வாரம் டீக்குக் கூப்பிட்டோம். பிறகு மூன்றாம் மாடிதானே, லிஃப்ட் நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். யாரோ இல்லை, நான்தான். அவர் கேபிள் சுருள்களுக்கு நடுவில் ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்துவிட்டு ஒருநாள் ஓய்வு பெற்றார், அன்றுதான் இன்னும் இங்கேதான் இருந்தார் என்று பலருக்கு ஞாபகம் வந்தது. எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. நாலு வருஷம் மூன்றாம் மாடியில். அங்கே விசிறிகள்கூடக் கிடையாது.

கை தானாகப் போய் எண்களை அடித்தது. ஒலி ஒன்று, நாற்பத்தைந்து. ஒலி இரண்டு, நாற்பத்தாறு. சேமி. இது எளிது, இரண்டு வினாடி. இனி கேட்டுப் பார்க்க வேண்டும், அதுதான் முறை, காதால் கேட்டு மாஸ்டர் கண்ட்ரோலுக்குச் சொன்ன பிறகுதான் வரிசையைத் திறந்துவிடுவார்கள். ஸ்டூடியோ இரண்டில் ஒத்திகை நடந்துகொண்டிருக்கிறது. ஹெட்போனை மாட்டினேன். வலது காதில் கமலவேணி அக்கா. "திருவள்ளூர் மாவட்டத்தில் நாளை முதல்." வலது காதில் குரல் கேட்கிறது என்றால் ஹெட்போன் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம், அட்டவணை சரி. அல்லது ஹெட்போன் நேராக இருக்கிறது, அட்டவணை தப்பு. கழற்றினேன், திருப்பினேன், மாட்டினேன். ஏ.சி. மூச்சு. இப்போது நேராக இருக்கிறது, ஆகவே சரி. அல்லது இப்போதுதான் திரும்பியிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு வளையம், ஒரே தேய்ந்த பிளாஸ்டிக். கேபிளைத் தொட்டுப் பார்த்தேன், எண்ணைப் பார்த்தேன், நாற்பத்தைந்து, குரல், ஒலி ஒன்று, கண்ணுக்கு எல்லாம் சரி. மார்ச்சிலும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. என்னால் நம்ப முடியவில்லை. எந்திரத்தை நம்பாமல் இருந்திருக்கிறேன், கேபிள் போடுகிறவர்களை நம்பாமல் இருந்திருக்கிறேன், இந்தக் கையை, இந்தத் தலைக்கு வலது பக்கம் இருக்கிற ஒன்றை நம்பாமல் இருந்ததில்லை. மாட்டினேன், கழற்றினேன், மாட்டினேன், எத்தனையாவது தடவை என்பதும் போய்விட்டது. குரல், மூச்சு, குரல், மூச்சு.

இரண்டு நாற்பத்தைந்துக்கு மேஜை ஸ்பீக்கரில் செழியன் வந்தான். "மேடம், ஸ்டூடியோ ரெண்டு பாக்கி இருக்கு. லெஃப்ட், ரைட் ஓகேவா. நீங்க ஓகேன்னா திறந்துடறேன்." இந்தக் கேள்விக்கு நான் ஆயிரம் தடவை ஓகே சொல்லியிருக்கிறேன், வாய் அதற்கே பழகியிருக்கிறது, ஓ என்று குவிந்துகூட விட்டது. "செழியா" என்றேன். "சொல்லுங்க மேடம்." "எனக்கு இடது காது கேக்காது. நீ வந்து கேளு." மாஸ்டர் கண்ட்ரோலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியும், நாலு பேர், எல்லாருக்கும் கேட்டிருக்கும். "என்ன மேடம், சரியா வரலை" என்றான். வந்திருக்கும், நன்றாக வந்திருக்கும். "இடது காது கேக்காது. பிப்ரவரியிலேர்ந்து. ஸ்டூடியோ ரெண்டுல ஒலி ஒண்ணையும் ரெண்டையும் மார்ச்சுல நான் மாத்திப் போட்டுட்டேன். சைகைச் செய்தியில எண்பத்து நாலு நாளா குரல் போகலை. இப்ப திருத்தியிருக்கேன். சரியா இருக்கான்னு என்னால சொல்ல முடியலை. கீழ வா."

அவன் வந்தது எனக்குத் தெரியவில்லை, இடது பக்கம் வந்து நின்றிருக்கிறான். மேஜையில் நிழல் விழுந்ததும் திரும்பினேன், உதடுகள் ஏற்கெனவே அசைந்துகொண்டிருந்தன. பேசுவதை நிறுத்தினான். என் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, கேபிள் குவியலைத் தாண்டி, வலது பக்கம் வந்து நின்றான். "ஹெட்போனைக் குடுங்க" என்றான். அவன் கையோடு வேறொரு ஹெட்போன் கொண்டுவந்திருந்தான், எழுத்து தெளிவாக இருந்தது, ஆனாலும் முதலில் என்னுடையதைத்தான் கேட்டான், எதற்கென்று தெரியவில்லை, கையில் புரட்டிப் பார்த்தான், கீழே வைத்தான். பிறகு தன்னுடையதை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். "குரல் லெஃப்ட்ல. ரூம் சவுண்ட் ரைட்ல. சரியா இருக்கு மேடம்." கண்ணைத் திறந்தான். "அன்னைக்குக் கேன்டீன்ல நான் ஏதோ சொன்னேன்ல." "எனக்குக் கேக்கலை" என்றேன். அவன் சிரிக்கப் பார்த்தான், பாதியில் விட்டுவிட்டான். "ரிப்போர்ட் எழுதணுமே மேடம்." "எழுதிட்டேன், காரணம் மட்டும் பாக்கி." காரணம் என்கிற கட்டத்தில் என் பெயரை முழுசாக எழுதினேன், அமலோற்பவம், காகிதத்துக்கு எட்டு எழுத்துக் கணக்கு கிடையாது. கைப்பையிலிருந்து வரைபடத்தை எடுத்து அதோடு சேர்த்துப் பின் அடித்தேன். அவன் வாங்கிக்கொண்டான். கதவு வரைக்கும் போய், திரும்பி வந்து, "டீ இங்க அனுப்பவா, மேல வர்றீங்களா" என்றான். "ஒரு போன் பேசணும், வர்றேன்" என்றேன்.

இரண்டு ஐம்பத்தெட்டு. சீட்டின் பின்னால் ஆம்பூர் எண். மணி அடிக்கிறது, நாலு, ஐந்து. கமலவேணி அக்காவிடம் என்ன சொல்வது, நாளைக்குச் சொல்லலாமா, இன்றே மூன்றேகாலுக்குக் கதவில் தலை நீட்டும்போதே சொல்லிவிட வேண்டும், ஆறு, ஏழு. எடுத்துவிட்டார்கள். "வணக்கங்க, சென்னையிலேர்ந்து டிவி ஸ்டேஷன், தணிகைவேல் சார் இருக்காங்களா." பதில் இல்லை. மூச்சு கேட்கிறது, பக்கத்தில். "மூணு வாட்டி போன் பண்ணியிருந்தாராம், சைகைச் செய்தியில." தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தம், சொல் இல்லை, கேள்வி மாதிரி மேலே ஏறி நின்றது. புரிந்தது. போன் ஒளிர்ந்ததைப் பார்த்து அவர் மனைவி எடுத்திருக்கிறாள், வீடியோவில் கூப்பிடுகிறவர் முகம் தெரியும் என்று நினைத்திருப்பாள், இப்போது ஒன்றுமில்லாத திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வைத்துவிடலாம். நான் வைக்கவில்லை, அவளும் துண்டிக்கவில்லை, போனை எங்கேயோ கீழே வைத்தாள், மரத்தில் பட்ட சத்தம். மின்விசிறி. ஒரு கரண்டி. எங்கோ தண்ணீர் விழுகிறது, யாரோ கைகால் கழுவுகிறார்கள். என் மானிட்டரில் மூன்று மணி, புதிய அலமாரியில் விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் பச்சையாயின, தொடக்க இசைக்குக் கோடுகள் துள்ளின, மாலதி கைகளை உயர்த்தினாள். செயற்கைக்கோளுக்குப் போய் ஆம்பூருக்கு இறங்கச் சில வினாடிகள் ஆகும். அங்கே டிவியைப் போடுகிற சொடுக்குக் கேட்டது, இசையின் வால் மட்டும் வந்து முடிந்தது. ஒன்று, இரண்டு எண்ணினேன். "வணக்கம்" என்றது கமலவேணி அக்காவின் குரல், அவ்வளவு சத்தமாக வந்தது, போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படியானால் அவர் சத்தத்தை அணைக்கவே இல்லை. குறைக்கக்கூட இல்லை. இத்தனை நாளும் ஏற்றியே வைத்திருந்திருக்கிறார். தண்ணீர் நின்றது. ஈரக் காலோடு யாரோ வேகமாக உள்ளே வருகிற சத்தம், தட்டு நகர்கிற சத்தம். அதன் பிறகு அந்த அறையில் யாரும் வாயால் ஒன்றும் பேசவில்லை, செய்தி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கையால்தான் பேசியிருப்பார்கள். நான் போனை வைக்காமல், வலது காதோடு சேர்த்து, முடிவு இசை வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.